தண்ணிக்குள்ள முகம் வைங்க... மெதுவா மூச்சு விடுங்க!



லீவு விட்டால் பாட்டி வீடு, இல்லாவிட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பியது ஒரு காலம். இப்போது உங்களில் சிலர், "நாங்க கப்பல்ல போறோம்!" என்று வகுப்பில் சொல்லிவிட்டு, மற்றவர்கள் வாயைப் பிளப்பதை ரசிக்க ஆரம்பித்து இருக்கிறீர்கள். எங்கே என்று கேட்டால், "லட்சத்தீவு... ஸ்நார்கலிங் பண்ணப் போறோம்" என்று பதில் வருகிறது. 2024 ஜனவரியில் பிரதமர் மோடி அங்கே ஸ்நார்கலிங் செய்த படங்கள் வெளியானதில் இருந்து இந்த ஆசை வீட்டுக்கு வீடு பரவிவிட்டது.

கப்பலுக்கு டிக்கெட் வாங்காத குட்டீஸ், 'இது நமக்கில்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் பாதிப் பாடத்தை வீட்டு பக்கெட்டிலேயே படித்துவிடலாம். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

முதலில், ஸ்நார்கலிங் என்றால் என்ன? கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க், வாயில் ஒரு வளைந்த குழாய், காலில் வாத்துக்கால் போன்ற ரப்பர் துடுப்பு. இந்த மூன்றையும் மாட்டிக்கொண்டு, தண்ணீரின் மேலே குப்புற மிதந்தபடி, கீழே இருக்கும் உலகத்தை வேடிக்கை பார்ப்பது. அவ்வளவுதான். முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போவது வேறு விளையாட்டு, அது ஸ்கூபா. ஸ்நார்கல் என்பது ஜெர்மன் மொழியில் இருந்து வந்த சொல். நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலுக்குள் மறைந்தபடியே மேலிருந்து காற்று இழுக்க வைத்திருந்த குழாய்க்கு அந்தப் பெயர்.

இந்தக் குழாய் யோசனை ரொம்பப் பழசு. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், யானையின் தும்பிக்கையைப் பற்றி எழுதும்போது, முத்துக்குளிப்பவர்களைப் போல் கடலில் மூழ்குபவர்கள் மூச்சு விட வைத்திருக்கும் கருவியோடு அதை ஒப்பிட்டு இருக்கிறார். ஆறு கடக்கும் யானையைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள். தும்பிக்கை நுனி மட்டும் வெளியே! மூத்த ஸ்நார்கலர் நம்ம யானையார்தான்.

இங்கே ஒரு கேள்வி வரும். வரவேண்டும். "யானைக்கு அவ்வளவு நீளத் தும்பிக்கை... நமக்கு மட்டும் ஏன் ஒரு முழக் குழாய்? பத்தடி பைப் வைத்தால் அடியிலேயே உட்கார்ந்து பார்க்கலாமே?"

முடியாது. காரணம், தண்ணீரின் எடை. ஒரு மீட்டர் ஆழத்தில், உங்கள் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் தண்ணீர் 100 கிராம் எடையோடு அழுத்தும். 30 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் நெஞ்சு என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள்... 60 கிலோ! ஒரு பெரிய ஆள் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எங்கே, மூச்சை இழு பார்க்கலாம்" என்று சொல்வது போலத்தான். இழுக்கவே வராது. யானையின் நுரையீரல் நம்மைப் போல இல்லை. அது நெஞ்சுக்கூட்டோடு தடித்த இழைகளால் ஒட்டி இருக்கிறது. அதனால் இரண்டு மீட்டர் ஆழத்து அழுத்தத்தையும் அது தாங்கும். நாம் யானை இல்லை.

ஆகவே கிணற்றிலோ, கண்மாயிலோ, பண்ணைக் குட்டையிலோ தோட்டத்து ஓஸ் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு யாரும் சோதனை செய்யக் கூடாது. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் 30,000-க்கும் அதிகமானோர் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள். அதில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் நிறையப் பேர்.

சரி, கப்பலுக்கு வருவோம்.

லட்சத்தீவில் 36 தீவுகள். மனிதர்கள் குடியிருப்பது 10 தீவுகளில் மட்டும். கொச்சியில் இருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தூரத்தில் சிதறிக் கிடக்கின்றன. இரவெல்லாம் கப்பல் ஓடும். காலையில் எட்டிப் பார்த்தால் கருநீலக் கடல், அதன் நடுவே பச்சை மையைக் கொட்டியது போல ஒரு வட்டம், ஓரத்தில் தென்னந்தோப்பு. அந்தப் பச்சை வட்டம்தான் காயல். சுற்றிலும் பவளப்பாறை வேலி போட்டிருப்பதால் பெரிய அலை உள்ளே வராது. பெரிய கப்பலும் உள்ளே வராது! வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். நீங்கள் சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அலையில் ஆடும் படகில் கால் வைக்கும் அந்த ஒரு நிமிடம்... வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்கும். பாட்டிமார் முருகா முருகா என்பார்கள். படகுக்காரர்கள் கையைப் பிடித்து, பூப்போல இறக்கி விடுவார்கள்.

இந்த அமைதியான காயல்தான் ஸ்நார்கலிங் கற்றுக்கொள்ள அருமையான இடம். பல இடங்களில் தண்ணீர் உங்கள் இடுப்பளவுதான். ஆனால், எனக்கு ஒரு குறை உண்டு. கப்பல் பயணத்தில் ஒரு தீவுக்குக் கிடைப்பதே ஒரு பகல். அதில் சாப்பாடு, போட்டோ, கடைத்தெரு போக, கடலுக்கு மிச்சம் ஒன்றரை, இரண்டு மணி நேரம். வரிசை நீளம். "மாஸ்க்கை மாட்டு, குழாயைக் கடி, குதி!" என்று அஞ்சு நிமிடத்தில் பாடம் முடிந்துவிடுகிறது. முதல் முறை இறங்கும் குழந்தைக்கு அது போதவே போதாது. அப்பா பணம் கட்டி இருக்கிறார், அண்ணன் குதித்துவிட்டான், பின்னால் நிற்பவர்கள் முறைக்கிறார்கள் என்பதற்காகப் பயந்துகொண்டே குதிக்கும் குட்டீஸ்தான் தண்ணீரைக் குடித்து, அழுது, 'இனிமே கடல் பக்கமே வரமாட்டேன்' என்று திரும்புகிறார்கள்.

அதனால்தான் பக்கெட் பாடம்!

ஊருக்குக் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, முகத்தை வைத்து, மெதுவாகக் காற்றை ஊதுங்கள். குமிழி வரட்டும். முகத்தை எடுங்கள். மறுபடியும். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது! தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சை 'கப்'பென்று பிடித்துக்கொள்வதுதான் நம் உடம்பின் வழக்கம். ஸ்நார்கலிங்கில் அதற்கு நேர் எதிராக, முகம் தண்ணீரில் இருக்கும்போதே வாயால் மூச்சு விட்டபடி இருக்க வேண்டும். அதுவும் மூக்கால் கிடையாது, வாயால் மட்டும். உடம்புக்கு இதைப் புரிய வைக்க நாள் பிடிக்கும். சைக்கிள் பழகியபோது ஆனதே, அதுபோல.

அடுத்தது, நீச்சல். "லைஃப் ஜாக்கெட் தருவாங்களே, நீச்சல் எதுக்கு?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும். வாயில் தண்ணீர் போனதும் பதறாமல் இருக்க அதற்குச் சொல்லித்தரத் தெரியாது. மல்லாந்து மிதக்கத் தெரிந்த குழந்தை, எது நடந்தாலும் திரும்பிப் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கும். அந்த ஒரு வித்தையாவது தெரிந்திருக்க வேண்டும். ஊரில் நீச்சல்குளமோ, சொல்லித்தர ஆளோ இருந்தால், பெற்றோரிடம் கேட்டு இந்த லீவிலேயே சேருங்கள். கப்பல் போனாலும் போகாவிட்டாலும்! நீச்சல் தெரிந்தாலும் கடலில் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. அதற்காக வெட்கப்படவும் வேண்டாம்.

இனி மாஸ்க். கரையில் ஒரு பெட்டி நிறையக் கொட்டி வைத்திருப்பார்கள். கைக்கு வந்ததை எடுக்காதீர்கள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாகக் காற்றை இழுங்கள். கையை எடுத்தாலும் மாஸ்க் முகத்திலேயே ஒட்டி நின்றால், அதுதான் உங்கள் மாஸ்க். விழுந்தால் வேறு பாருங்கள். முன்நெற்றி முடி ஒன்று ஓரத்தில் மாட்டினாலும் தண்ணீர் கசியும். பெண் குட்டீஸ் முடியை இறுக்கப் பின்னிக்கொண்டு போவது நல்லது.

கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க என்ன செய்வார்கள் தெரியுமா? துப்புவார்கள்! உள்பக்கம் எச்சிலைத் தடவி, கடல் தண்ணீரில் ஒருமுறை அலசி மாட்டிக்கொள்ள வேண்டும். 'ச்சீ' என்கிறீர்களா? உங்கள் எச்சில்தானே!

குழாயிலும் விஷயம் இருக்கிறது. நீங்கள் விட்ட மூச்சு முழுவதும் வெளியே போய்விடாது. கடைசிக் கொஞ்சம் குழாயிலேயே தங்கும்; பெரியவர்கள் குழாயில் ஏறக்குறைய ஒரு டீ கிளாஸ் அளவு. அடுத்த மூச்சில் அந்தப் பழைய காற்றுதான் முதலில் உள்ளே வரும். 'ஹப் ஹப்' என்று குட்டி மூச்சாக விட்டால், பழைய காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு, மூச்சு முட்டுவது போல் ஆகிவிடும். மெதுவாக, நீளமாக விட்டால் புதுக்காற்று தாராளமாக வரும். குழந்தைகளுக்கான சின்னக் குழாயைக் கேட்டு வாங்குங்கள். குழாய்க்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், பிறந்தநாள் கேக்கில் பத்து மெழுகுவர்த்தியை ஒரே ஊதில் அணைப்பது போல 'ஃபூ!' என்று ஊதுங்கள். தண்ணீர் மேலே பீய்ச்சும். திமிங்கிலம் மாதிரி!

தண்ணீரில் இறங்கியதும் முதல் பத்து நிமிடம் மீனைத் தேடாதீர்கள். கழுத்தளவுத் தண்ணீருக்குக்கூடப் போக வேண்டாம். இடுப்பளவு மணல் தரையில் நின்று, குனிந்து, முகத்தை மட்டும் வையுங்கள். பத்து மூச்சு. நிமிருங்கள். பிறகு இருபது மூச்சு. உங்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்கே பெரிதாகக் கேட்கும். முதலில் தடதடவென்று இருக்கும் அது, கொஞ்ச நேரத்தில் தாலாட்டு மாதிரி ஆகும். அப்போது காலைத் தரையில் இருந்து எடுக்கலாம். பிடிக்கவில்லையா? "இன்னிக்கு வேணாம் அண்ணா" என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள். யாரும் உங்களைக் கோழை என்று சொல்லக் கூடாது. சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இப்போது இரண்டு நிமிடம், பத்திரிகையை அப்பா அம்மாவிடம் கொடுங்கள்.

பெற்றோரே... ஸ்நார்கலிங் செய்யும் குழந்தை எப்படித் தெரியும்? குப்புற, அசையாமல், சத்தமின்றி மிதந்துகொண்டு இருக்கும். ஆபத்தில் இருக்கும் குழந்தையும் அப்படியேதான் தெரியும். சினிமாவில் வருவது போல் கையை ஆட்டி, 'காப்பாத்துங்க' என்று கத்த, மூச்சுக்குத் திணறுபவரால் பெரும்பாலும் முடியாது. படகில் இருந்து பார்த்தால் வித்தியாசமே புரியாது. எனவே, கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் கூடவே மிதக்க வேண்டும். அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. கடலுக்கடியில் எடுத்த வீடியோ நன்றாக வரவில்லை என்றால் பரவாயில்லை.

நன்றி. பத்திரிகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் குட்டீஸ்.

தண்ணீரில் இருந்தபடி அம்மாவுக்கு 'டாட்டா' காட்டாதீர்கள்! கையை மேலே தூக்கி ஆட்டினால், கடல் பாஷையில் 'உதவி தேவை' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்பதற்கு, கையை வளைத்துத் தலையில் தொட வேண்டும். தூரத்தில் இருந்து பார்த்தால் 'ஓ' போலத் தெரியும். இன்னொன்று, மூச்சு பிடிக்கும் போட்டி. அண்ணன் தம்பிகள் இதில் மன்னர்கள்! வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டுப் பிடித்தால் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று ஒரு 'டெக்னிக்' சொல்வார்கள். மூச்சு வேண்டும் என்று மூளைக்கு மணி அடிப்பது உடம்பில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சு விடும்போது அது வெளியே போய்விடுவதால் மணி அடிக்காது. மணி அடிக்காமலேயே மயக்கம் வரும், தண்ணீருக்குள்! இந்தப் போட்டி வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

அப்பாடா... பயமுறுத்தும் பகுதி முடிந்தது. இனி கண்ணைத் திறந்து பாருங்கள்.

நீலம், மஞ்சள், வரிக்குதிரைக் கோடு போட்ட மீன்கள் உங்கள் மூக்குக்கு நேரே நீந்தும். தொடப்போனால் கைக்கு எட்டாது. கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒளி வளைவதால், எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கொஞ்சம் கிட்டவும் தெரியும். பள்ளிக்கூடத்தில் வந்து, 'இத்தாம் பெரிய மீன்!' என்று கை விரிக்கும்போது, கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள்.

சில சமயம் காதில் 'கறுக் முறுக்' என்று முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்கும். அதுதான் கிளிமீன். கிளி மூக்கு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டி, அதில் இருக்கும் பாசியைத் தின்னும். கூடவே உள்ளே போகும் சுண்ணாம்பை அரைத்து, பின்னால் வெள்ளை மணலாக வெளியேற்றும்! பெரிய கிளிமீன் ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தயாரிக்கும். நீங்கள் சொப்பு வைத்து வீடு கட்டிய அந்தத் தீவுக்கடற்கரை மணலில் ஒரு பங்கு... ஆமாம், அதேதான். சிரிக்காதீர்கள்!

கடல் சாமந்தியின் கொட்டும் விரல்களுக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீனை, 2003-ல் வந்த 'நீமோ' படத்தில் பார்த்திருப்பீர்கள். புல்வெளியில் மாடு மேய்வது போல, காயலின் அடியில் கடற்புல் மேயும் பச்சை ஆமையைப் பார்க்க வாய்த்தால், பின்னால் துரத்தாதீர்கள். அதுவும் மூச்சு விட மேலே வரவேண்டிய ஜீவன்தான். நாம் வழியை மறித்தால் அதற்குத் திணறல். சில இடங்களில் போட்டோவுக்காக மீன்களுக்கு பிரெட் துண்டு போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. பாசி தின்று பாறையைச் சுத்தமாக வைக்க வேண்டிய மீனை, கல்யாணப் பந்தி வாசலில் காத்திருக்கச் செய்வது என்ன நியாயம்?

இத்தனைக்கும் வீடு, பவளப்பாறை. பாறை என்கிறோமே தவிர அது உயிர்க்கூட்டம். ஊசிமுனை அளவுள்ள ஆயிரமாயிரம் சிறு பிராணிகள் சேர்ந்து, தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு வீடு கட்டுகின்றன. உருண்டையாக வளரும் வகை வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உங்கள் முழங்கால் உயரத்துக்கு ஓர் உருண்டையைப் பார்த்தால், மனதுக்குள் ஒரு வணக்கம் போடுங்கள். அதற்கு உங்கள் அப்பா வயது இருக்கலாம்.

மூச்சு வாங்கியதும் 'அப்பாடா' என்று காலை ஊன்றி நிற்கத் தோன்றும் பாருங்கள், அப்போது கீழே இருப்பது மணலா, பவளமா என்று பாருங்கள். ஒரு மிதி... பத்து வருட வீடு நொறுங்கிவிடும். ரப்பர் துடுப்பால் உதைத்தாலும் அப்படியே. உங்கள் காலுக்கும் நல்லதில்லை. கீறினால் சீக்கிரம் ஆறாது. இடுக்கில் கடல் முள்ளெலி உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மல்லாந்து மிதந்து இளைப்பாறத் தெரிந்த குழந்தைக்கு, நிற்க வேண்டிய தேவையே வராது. நீச்சல் பழகுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பவளத்துக்கு வேறு கஷ்டமும் உண்டு. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிதான் அதற்கு வண்ணமும் கொடுத்து, சாப்பாடும் சமைத்துப் போடுகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெள்ளை வெளேர் என்று வெளுத்து, சூடு தணியாவிட்டால் பட்டினியால் சாகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 என்று திரும்பத் திரும்ப இது நடந்திருக்கிறது. ஆகவே, நீங்கள் எட்டிப் பார்க்கும் இடத்தில் வெள்ளையாகவும் சாம்பல் நிறமாகவும் கிளைகள் கிடந்தால், ஏமாந்து போகாதீர்கள். பக்கத்திலேயே விரல் நீளத்தில் புதுக்கிளை துளிர்க்கிறதா என்று தேடுங்கள். மீண்டுவரப் போராடும் கடல் அது.

போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. கடல் மட்டத்தில் இருந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் உயரமே உள்ள தீவுகள் அவை. பெரிய அலைகளை வெளியிலேயே தடுத்து நிறுத்துவது பவள வேலிதான். வேலி போனால் தீவு? பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சுண்ணாம்புக்காகப் பல காலம் அங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன.

அதனால், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். 2001-ல் இருந்து பவளம், புலிக்குச் சமமாகச் சட்டப் பாதுகாப்பு பெற்ற உயிர். திரும்பும்போது பையைச் சோதித்தால் அப்பாவுக்குத்தான் தலைகுனிவு.

கிளம்புமுன் ஒரு கடைசி யோசனை: முழுக்கை பனியனோ, நீச்சல் சட்டையோ மறக்காமல் எடுத்து வையுங்கள். மீனைப் பார்க்கும் சுவாரஸ்யத்தில் முதுகு வெயிலில் வறுபடுவது தெரியவே தெரியாது. ராத்திரி கப்பலில் படுக்கும்போதுதான் தெரியும்! க்ரீமை அப்பிக்கொண்டு இறங்குவதைவிடச் சட்டை மேல். சில க்ரீம்களில் இருக்கும் ரசாயனம் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாய் தீவில் 2021-ல் இருந்து அவற்றை விற்கவே தடை போட்டிருக்கிறார்கள்.

போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள். போகாதவர்களும் எழுதலாம்... பக்கெட்டில் எத்தனை மூச்சு வரை வந்தீர்கள் என்று!